குழந்தை உள்ளமும் விஞ்ஞானப் பரிசோதனையும்

கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் உள்ள தாகூர் குடும்பத்தாரின் மாளிகைக்கு, 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சீதாநாத் என்னும் ஆசிரியர் ஒருவர் வருவதுண்டு. சில கருவிகளைக் கொண்டுவந்து, அவ்வீட்டுச் சிறுவர்களுக்கு விஞ்ஞான உண்மைகளைக் கண்முன்னே நிகழ்த்திக் காட்டுவது அவர் வழக்கம். ஒருநாள் கண்ணாடிப் பாத்திரமொன்றில் நீரை நிரப்பி, அதில் சிறிது மரத்தூளைத் தூவி, அடியில் நெருப்பு மூட்டினார். சூடேறிய அடிநீர் இலேசாகி மேலெழுவதையும், மேலிருந்த குளிர்நீர் கனத்தால் கீழிறங்குவதையும் அம்மரத்தூள் சுழன்று சுழன்று காட்டிற்று. அதைக் கண்ட சிறுவர்களுள் கடைக்குட்டியான ரவீந்திரநாதருக்கு உண்டான வியப்புக்கு அளவில்லை. பாலில் நீர் கலந்திருக்கிறது என்பதையும், காய்ச்சும்போது அந்நீர் ஆவியாகப் போய்விடுவதனாலேயே பால் திரள்கிறது என்பதையும் அறிந்த நாள் அவருக்கு ஒரு திருநாளாகவே இருந்தது. சீதாநாத் வராத ஞாயிறு ஞாயிறாகவே தோன்றுவதில்லை என்று, 1912இல் நூலாக வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளில் கவிஞர் எழுதினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. உலகியல் ஞானம் எவ்வளவோ வந்து சேர்ந்த பிறகும், அந்த மரத்தூளின் சுழற்சி நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அதே நூலில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. ஆங்கிலம் கற்பிக்க வந்த அகோர் பாபு என்பவர் மருத்துவக் கல்லூரி மாணவர். அவர் ஒருநாள் ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்து, மனிதனின் குரல்வளையை எடுத்து மேஜைமேல் வைத்துப் பேச்சு எவ்வாறு பிறக்கிறது என்று விளக்கத் தொடங்கினார். ஆசிரியருக்கிருந்த உற்சாகம் மாணவருக்கு உண்டாகவில்லை. பேசுபவன் முழு மனிதன் அல்லனா, அவனைவிட்டுப் பேச்சை மட்டும் இவ்வாறு பிரித்துக் காட்டலாகுமோ என்று பிள்ளை மனம் சோர்ந்தது. பின்னொரு நாள் பிணம் அறுத்துப் பார்க்கும் கூடத்திற்கே அவர் சிறுவனை அழைத்துச் சென்றார். மேஜைமீது கிடந்த ஒரு கிழவியின் உடல் அவனை அவ்வளவு கலக்கவில்லை. தரையில் தனியே கிடந்த வெட்டுண்ட கால் ஒன்றுதான் அவனை நடுங்க வைத்தது. பல நாள் அந்தக் காட்சி நினைவை விட்டு நீங்கவில்லை.

இரண்டும் கண்ணால் கண்டறிந்த பாடங்களே. ஒன்று குழந்தையை விஞ்ஞானத்தின்பால் ஈர்த்தது, மற்றொன்று விலக்கிற்று. ஆசிரியர் இருவருமே நல்லெண்ணம் உடையவர்கள். ஒருவர் பிள்ளை வீட்டில் நாள்தோறும் காணும் நீரையும் பாலையும் எடுத்துக்கொண்டார். மற்றவர் பிள்ளையின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. கைத்தொழிலும் கண்காட்சியும் சேர்ந்துவிட்டால் கல்வி தானே இனித்துவிடும் என்று நம்புவோர் இவ்விரண்டாவது நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் விஞ்ஞானம் புகுந்த வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். பாடத்திட்டங்களும் குழு அறிக்கைகளும் நிறைந்த வரலாறு அது. பிள்ளைகள் மகிழ்ந்தார்களா, அஞ்சினார்களா, அருவருத்தார்களா என்னும் செய்தி அவ்வறிக்கைகளில் மிக அருகியே காணப்படும். ஆயினும் ஒரு முயற்சி வேரூன்றியதா, பட்டுப்போயிற்றா என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அச்செய்தியே என்பது நம் கருத்து.

பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பெஸ்டலாஜி (1746–1827). அவர் முறை இங்கிலாந்தின் வழியாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் 'பொருட்பாடம்' என்னும் பெயரில் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபோது அதன் உயிர் பாதி போயிருந்தது. ஆசிரியர் ஒரு கண்ணாடித் துண்டை உயர்த்திப் பிடிப்பார். கண்ணாடி வழவழப்பானது, ஒளி ஊடுருவத் தக்கது, எளிதில் உடையக் கூடியது என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பர். கண்ணாடியை எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. தொட்டால் உடைந்துவிடும் என்பதைத்தான் சற்று முன் மனப்பாடம் செய்தாயிற்றே!

இந்த வறட்சியை எதிர்த்து எழுந்த முயற்சிகளுள் சிலவற்றை மட்டும் இங்கே சுட்டுவோம். 1901இல் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களுடன் பள்ளி தொடங்கிய தாகூர், தம் இளமைக்காலத்து ஞாயிறுகளை மறந்தவர் அல்லர். அங்கே ஜகதானந்த ராய் என்னும் ஆசிரியர் வங்க மொழியிலேயே விஞ்ஞானத்தைச் சிறுவர்க்குக் கற்பித்தும் எழுதியும் வந்தார். கவிஞரே 1937இல் 'விசுவ பரிசயம்' என்னும் விஞ்ஞான நூலை எழுதி, சத்தியேந்திரநாத் போஸுக்கு உரிமையாக்கினார். குஜராத்தில் பவநகரில் 1920இல் குழந்தைகள் பள்ளி ஒன்றைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா வழக்கறிஞர் தொழிலை விட்டு வந்தவர். பள்ளியிலிருந்து முதலில் வெளியேற்றப்பட வேண்டியது அச்சமே என்று அவர் கருதினார். பிள்ளைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்டு மக்கள் அவரை 'மீசை வைத்த தாய்' என்று அழைத்தனர். வேறு எந்தப் பட்டமும் அவருக்கு இவ்வளவு பொருந்தாது.

1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையிலான குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் கைத்தொழிலுடன் பொது விஞ்ஞானமும் இடம் பெற்றது. அதை விரித்தால் தனி உரையாகிவிடும். ஆனால் தமிழகத்து மலையொன்றில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. பிரம்ம ஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், இத்தாலி போரில் இறங்கியதனால் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, ஊர் திரும்ப வழியின்றி இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் ஈராண்டுகள் அவர் கொடைக்கானலில் வாழ்ந்தார். அதுவரை பெரும்பாலும் மிகச் சிறிய குழந்தைகளின் கல்வியாலேயே புகழ் பெற்றிருந்த அவர், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான கல்வியை அங்கேதான் ஆழ்ந்து வகுத்தார். பிள்ளைகள் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் தேடிக் கண்டு, ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். சின்னஞ்சிறு குழந்தை தொட்டுப் பார்த்து நிறைவு பெறும், அதனினும் மூத்த பிள்ளை ஏன், எவ்வாறு என்று கேட்டு, விடையைக் கற்பனையில் வளர்த்து மகிழும் என்பது அம்மையார் கண்டது. போர்க்காலச் சிறைவாசம் போன்ற ஒரு நிலையில் இத்தகைய மகிழ்ச்சிக் கல்வி உருவாயிற்று என்பது விந்தைதான்.

சுதந்திரத்திற்குப் பின் அரசாங்கம் இத்துறையில் அக்கறை காட்டாமல் இல்லை. 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு நிறுவப்பட்டது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன் விஞ்ஞானக் கல்வியைப் பெரிதும் வற்புறுத்திற்று. யுனிசெப் உதவியுடன் சோதனைப் பெட்டிகள் செய்யப்பட்டு ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்றன. 1987இல் தொடங்கிய 'கரும்பலகைத் திட்ட'த்திலும் அத்தகைய கருவிகள் வழங்கப்பட்டன. பெட்டிகள் சென்றன என்பது உண்மை. பெரும்பாலானவை அலமாரிக்குள் பூட்டப்பட்டன என்பதும் உண்மை. பீங்கானோ கண்ணாடியோ உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். கணக்குப் புத்தகத்தில் பதிவான பொருள் ஒன்று குறைந்தால் மேலதிகாரி வந்து கேட்பார். ஆகவே ஆசிரியரின் அச்சமே அலமாரியின் பூட்டாயிற்று. பிள்ளைகளோ அக்கருவிகளை அலமாரிக் கண்ணாடியின் வழியே கோயில் விக்கிரகங்களைப் போலப் பார்த்துச் சென்றனர். அரசாங்கப் பதிவேடுகளோடு பழகிய எவரும் அந்த ஆசிரியரைக் குறைகூறத் துணியார்.

இந்தப் பூட்டை உடைத்த முயற்சி மத்தியப் பிரதேசத்தில் நருமதைக் கரையில் தோன்றிற்று. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் அந்நகருக்கு நருமதாபுரம் என்று பெயர்) பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு நிறுவனங்கள் மாநில அரசாங்கத்தின் இசைவோடு ஒரு புதிய விஞ்ஞானக் கல்வியைத் தொடங்கின. டில்லிப் பல்கலைக்கழகத்தையும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள் கிராமத்துப் பள்ளிகளில் தரையில் அமர்ந்து ஆசிரியர்களோடு பணியாற்றினர். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் இம்முறை பரவிற்று. 1982இல் அமைந்த 'ஏகலவ்யா' என்னும் நிறுவனம் பின்னர் இதனைத் தாங்கி நடத்தியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டமாயினும், ஆரம்ப வகுப்புகளுக்கும் அங்கிருந்தே வழி பிறந்தமையால் அதனைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

பிள்ளைகள் நால்வர் நால்வராகப் பிரிந்து 'டோலி' என்னும் சிறு குழுவாக அமர்வர். சாதிக்கு ஒரு தெருவாகப் பிரிந்த ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே காந்தத்தைச் சுற்றி நான்கு தலைகளாகக் குனிவது சிறிய செய்தியன்று. 'பால வைஞானிக்' என்னும் பாடநூலில் கேள்விகள் இருந்தன. விடைகள் இல்லை! சோதனை செய்து கண்டதைத் தம் சொந்தச் சொற்களில் எழுதுவதே விடை. தேர்விலும் நூலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கைவினைச் சோதனைக்கும் தனியே மதிப்பெண் உண்டு. தேர்வு அச்சத்தில் ஒரு பங்கு அத்துடன் நீங்கியது.

அங்கே பிள்ளைகள் செய்த சோதனைகளுள் ஒன்று ஈயின் வாழ்க்கையைக் கவனிப்பது. சாணத்தில் ஈ இட்ட முட்டை ஒருநாளுக்குள் புழுவாகிறது. சில நாள் தின்று கொழுத்துப் பின் அசைவற்ற கூண்டுப் புழுவாகிறது. வெப்பமான காலத்தில் இரண்டு வாரத்திற்குள் அதிலிருந்து ஈ வெளிப்படுகிறது. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொள்ளாத பிள்ளை இராது. மூன்றாம் நாள் புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவல் அருவருப்பை வென்றுவிடும். கூண்டாகிய பின்போ, செத்துவிட்டதோ என்னும் கவலை வந்து சேரும். அருவருப்பு, ஆவல், கவலை, இறுதியில் மூடியின் கீழ் ஒரு சிறகு அசையக் கண்ட களிப்பு. ஒரு பக்கப் பாடத்தை மனப்பாடம் செய்தால் இவற்றில் எதுவும் நேராது. சாணத்தில் புழு தானாகவே தோன்றுகிறது என்று ஊரில் சொல்லக் கேட்ட பிள்ளை, மூடி வைத்த சாணத்தில் புழு இல்லாமையையும் திறந்து வைத்ததில் இருப்பதையும் கண்டு, பாட்டி சொன்னது தவறோ என்று கலங்குவதும் உண்டு. பாட்டியிடம் உள்ள அன்பும் கண்ட உண்மையும் ஒரு சிறிய நெஞ்சுக்குள் மோதிக்கொள்ளும் அந்தக் கணத்தை ஆசிரியர் எவ்வாறு கையாளுகிறார் என்பதே கல்வி. அகோர் பாபுவின் பொட்டலத்தில் இல்லாதது அந்தப் பரிவுதான்.

இன்னும் ஒரு புதுமை உண்டு. பிள்ளைகள் தம் ஐயங்களை 'சவாலிராம்' என்பவருக்குக் கடிதமாக எழுதலாம், பதில் வரும். சவால் என்றால் நமக்குப் பந்தயம். இந்தியில் அதற்குக் கேள்வி என்பது பொருள். ஆகவே அவரைக் 'கேள்விராமன்' எனலாம். அப்படி ஒரு மனிதர் இல்லை. திட்டத்தில் பணியாற்றியோர் பலரும் சேர்ந்ததே சவாலிராம். ஆனால் பிள்ளைகளுக்கு அவர் உண்மையானவர். எந்தக் கேள்வி கேட்டாலும் சினவாத பெரியவர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்னும் நம்பிக்கையைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு தபால் முகவரி அளித்தது.

ஆசிரியர்களின் நிலையையும் கூற வேண்டும். சோதனையின் விளைவு நூலில் எதிர்பார்த்தபடி அமையாதபோது, 'எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று மாணவர்முன் சொல்ல வேண்டிய நிலை வந்தது. தலைமுறை தலைமுறையாக எல்லாம் தெரிந்தவராக வீற்றிருந்தவருக்கு அது எளிதன்று. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசிக்கொள்ள ஏற்பாடு இருந்தமையால்தான் அவர்கள் தாக்குப்பிடித்தனர்.

1978இல் இங்கே வந்து சேர்ந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர், டெல்கோ நிறுவனத்தில் விடுப்புப் பெற்று வந்தவர். ஊர்ச் சந்தையில் சைக்கிளுக்குரிய வால்வு டியூபைக் கண்டார். அதனைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீக்குச்சிகளை அதனுள் செருகினால் முக்கோணம், சதுரம், கோபுரம் என எத்தனையோ வடிவங்கள் அமைகின்றன. சதுரம் நெளிகிறது, முக்கோணம் நெளிவதில்லை. பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணச் சட்டங்கள் ஏன் உள்ளன என்பதைப் பிள்ளையின் விரல்களே உணர்ந்துகொள்கின்றன. 1987இல் அவர் தீக்குச்சி மாதிரிகளைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்து பல இந்திய மொழிகளிலும் பரவிற்று. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பொம்மையைப் பிரித்து உடைத்துப் பார்ப்பதே குழந்தை அதற்குச் செய்யும் சிறந்த மரியாதை என்பது அவர் கொள்கை. அலமாரிப் பெட்டிக்கும் தீக்குச்சிக்கும் உள்ள வேறுபாட்டை விலையில் மட்டும் காணலாகாது. உடைந்தால் அடி விழும் என்று அஞ்சும் கை எதையும் கற்பதில்லை. தீக்குச்சியை ஒடித்ததற்காக எந்தப் பிள்ளையையும் யாரும் அடித்ததில்லை.

1987 முதல் ஏகலவ்யா நிறுவனத்தார் ஆரம்ப வகுப்புகளிலும் புகுந்தனர். அவ்வகுப்புகளுக்கென அவர்கள் ஆக்கிய பாடநூலின் பெயர் 'குஷி குஷி'. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயரைத் தமிழாக்கச் சொன்னால் சிறிது திகைப்பு உண்டாகும். 'மகிழ்ச்சி மகிழ்ச்சி' என்றால் உயிர் இல்லை. 'சந்தோஷமாக' என்றால் அந்த அடுக்கின் துள்ளல் இல்லை. ஒருவேளை 'குதூகலம்' எனலாம். மொழியையும் கணக்கையும் சுற்றுப்புற அறிவையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்காமல் ஒன்றாக இணைத்த நூல் அது. பாடநூலின் அட்டையில் வகுப்பையும் பாடத்தையும் அச்சிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், பிள்ளை எந்த மனநிலையில் அதைத் திறக்க வேண்டும் என்பதை அட்டையிலே அச்சிட்டனர்.

பம்பாயில் 1974இல் தொடங்கப்பட்ட ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்தில் ஜெயஸ்ரீ ராமதாஸும் பிறரும் ஆரம்ப வகுப்புகளுக்கென ஆக்கிய விஞ்ஞான நூல்வரிசையும் இவ்வழியினதே. இங்கே நம்மைப் போன்றோர்க்கு ஒரு செய்தி உண்டு. பிழைப்பை முன்னிட்டு மராத்தியும் இந்தியும் வங்கமும் வழங்கும் ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, முதல் வகுப்பில் வாய் திறக்க அஞ்சி மூலையில் அமர்ந்திருப்பதை நாம் பல இடங்களிலும் கண்டிருக்கிறோம். ஆசிரியர் கேட்பது புரிந்தாலும் விடைக்குரிய சொல் நாவில் வாராது. அப்பிள்ளையிடம் ஒரு தட்டு நீரும், ஒரு கூழாங்கல்லும், ஒரு காய்ந்த இலையும், ஒரு தக்கையும் கொடுத்து எது மிதக்கும் என்று பார்க்கச் சொன்னால் அதன் கை தயங்குவதில்லை. மிதந்ததைச் சுட்டிக் காட்டுகிறது. பக்கத்துப் பிள்ளை அதற்குத் தன் மொழிச் சொல்லைச் சொல்கிறது. அந்தச் சொல் இனி மறப்பதில்லை. விஞ்ஞான வகுப்பு மொழி வகுப்பாகவும் ஆகிவிடும் இந்த நன்மையைப் பாடத்திட்டம் வகுப்போர் அதிகம் பேசக் காணோம்.

ஹோஷங்காபாத் திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்து, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய நிலையில், 2002இல் மாநில அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. மாநிலமெங்கும் ஒரே பாடநூல் இருக்க வேண்டும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் வேண்டிக்கொண்டும் பயனில்லை. விடை அச்சிடப்படாத நூலைக் கண்டு பெற்றோர் சிலரும் பிரமுகர் சிலரும் நெடுநாளாகவே கலங்கியிருந்தனர். பிள்ளைகள் கேள்விகளோடு வீடு திரும்புவதைப் பெரியவர்களால் தாங்க முடியவில்லை என்றே நாம் கொள்கிறோம். கருவி இல்லாமையால் அத்திட்டம் நிற்கவில்லை, பிள்ளைகளுக்கு விருப்பம் இல்லாமையாலும் நிற்கவில்லை.

ஆயினும் அங்கே பழகியவை முற்றும் மறைந்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்டச் சட்டகத்தை வகுப்பதிலும், அதன்பின் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எழுந்த சுற்றுப்புறக் கல்வி நூல்களிலும் அந்த அனுபவத்தின் சாயல் தெரிந்தது. பல ஆண்டுகள் வழங்கிய அந்நூல்களின் இடத்தில் 2024 முதல் படிப்படியாகப் புதிய நூல்கள் வந்துள்ளன. 'நமது வியத்தகு உலகம்' என்னும் பொருள்படும் பெயர் அவற்றிற்கு இடப்பட்டிருக்கிறது. பெயரில் வியப்பு இருக்கிறது. வகுப்பறையில் இருக்கிறதா என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

முந்தைய ஐந்தாம் வகுப்பு நூலில், மிதப்பது எது, மூழ்குவது எது என்னும் பாடம் சமையலறையில் தொடங்கிற்று. ஆயிஷா என்னும் சிறுமி இரவு உணவுக்காகக் காத்திருக்கிறாள். தாய் பூரியை இட்டுக் காய்ந்த எண்ணெயில் போடுகிறாள். பூரி முதலில் அடியில் மூழ்குகிறது, பின்பு உப்பி மேலே வந்து மிதக்கிறது. அப்பாடத்தைப் படித்த பிள்ளைகளுள் எத்தனை பேர் அன்று மாலையே அடுப்படியில் போய் நின்று, எண்ணெய் தெறிக்கும், தள்ளி நில் என்று தாயிடம் திட்டு வாங்கினார்களோ, நாம் அறியோம். திட்டு வாங்கியும் நகராமல் நின்றவர்களும் இருந்திருப்பார்கள்.